நாலு மணிக்குள் ஒரு முகம்

முத்துக்கருப்பன் ரெண்டு நாளாக ஃப்ரீசர் பெட்டிக்குள் மகனுக்காகக் காத்திருந்தார். மகன் வந்துவிட்டான். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் அஞ்சலி பிளக்ஸ்தான் இன்னும் ஏறவில்லை. பிளக்ஸ் ஏறாவிட்டால் அந்த ஊரில் செத்ததற்கே அத்தாட்சி கிடையாது.

"ஏலே, அப்பன் போட்டோ ஒண்ணு குடு. ஒனக்கு அதுதான பொழப்பு," என்றாள் அத்தை அக்கம்மாள். போட்டோக்காரன் வருகிறானே என்று வீட்டில் வேறு யாரும் தேடியிருக்கவில்லை.

மகன் விஜய்பாண்டி ஆறு வருஷமாக ஜப்பான்காரர்களின் அன்றாடத்தைப் படமெடுத்துப் பயணப் பத்திரிகைகளுக்கு விற்கிறவன். லேப்டாப்பில் நாற்பதாயிரம் படங்கள். கோயில் வாசல் பெருக்கும் கிழவி, ரயிலில் நின்றபடி தூங்கும் ஆபீஸ்காரர். நூடுல்ஸ் கடைக்காரர் மட்டும் பதினாலு கோணத்தில் இருந்தார். அப்பன் ஒரு கோணத்திலும் இல்லை.

"அப்பாவுக்குக் கேமரான்னாலே கூச்சம், அத்தை."

ஆதார் அட்டையைப் பெரிதாக்கினான். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுகிற முகமாக வந்தது. தங்கச்சி கல்யாண ஆல்பத்தில், மாலைக்குப் பின்னால் ஒரு காதும் கால்வாசி மீசையும் தேறின.

கம்பத்துக்கு ஓடினான். பிளக்ஸ் கடைக்காரர் விவரமானவர். முகத்தை ஆதாரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், உடம்புக்கு ஆள் இருக்கிறதா என்றார். இருந்தது. ஜப்பானியத் தேயிலைத் தோட்டத்து விவசாயி. அப்பன் வயசு, அப்பன் வாகு. கடைக்காரர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான். அது ஜப்பானில் பிடித்த கெட்ட பழக்கம்.

ரெண்டரைக்குப் பிளக்ஸ் ஏறியது. ரெண்டே முக்காலுக்கு அக்கம்மாளே நின்று இறக்க வைத்தாள். அதற்குள் கூடலூர்ச் சொந்தக்காரர்கள், வேறு யார் வீட்டுத் துக்கமோ என்று பஸ்ஸிலேயே அடுத்த ஸ்டாப்புக்குப் போயிருந்தார்கள்.

"மொகம் எங்கண்ணன். இடுப்பை வளைச்சுக் கும்புடுறது யாருடா? எங்கண்ணன் ஒருத்தனுக்கும் குனிஞ்சதில்ல. செத்த அன்னைக்குக் குனிய வச்சுட்டியே."

மணி மூன்று. மிச்சமிருந்தது பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சாராள் ஸ்டுடியோ. பள்ளிக்கூட ஐ.டி. கார்டுக்குப் படம் எடுக்கிற இடம். சுவரில் தாஜ்மஹால், அருவி என்று விதவிதமாய்ச் சுருட்டிவைத்த ஸ்கிரீன்கள். தொழிலுக்கே இழுக்கென்று அந்தப் படியைக் காலையிலிருந்து நாலு தடவை தாண்டிப் போயிருந்தான். இப்போது ஏறினான். அப்பா கூச்சக்காரர், இங்கே வந்திருக்கமாட்டார், இருந்தாலும் கேட்கிறேன் என்று இழுத்தான்.

சாராள், யாரும் வாங்க வராத கவர்களுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். வெள்ளைச் சட்டை, சீவிய தலை, நிமிர்ந்த முதுகு. பின்னால் பனி மூடிய ஒரு மலையும், இலையே தெரியாமல் பூத்த ஒரு மரமும்.

"மாசியில வந்தாக. மேகமலை ஸ்கிரீனைப் போடவான்னு கேட்டேன். 'வேணாம்மா, ஜப்பானைத் தொங்கவிடு, அங்கன இருக்குறவகளைத்தான் எம்மகன் படம் எடுப்பான்'னாக."