இமைக்காக்காவின் ஒரு மணித்தியாலம்

கல்முனையில் எங்கள் தெரு ஆண்பிள்ளைகளில் இமைக்காக்காவின் பெருவிரல் படாத கீழிமை கிடையாது. சலாம் சொல்லி முடிப்பதற்குள் நம் கண்ணுக்குக் கீழே பிடித்து இழுத்துவிடுவார். உள்ளே சிவந்திருந்தால் விடுதலை. வெளிறியிருந்தால், "தம்பி, ரெத்தம் கொறவு! ஆசுபத்திரிக்குப் போய்ச் சோதிச்சிப் பாருங்க!" என்று தெருவுக்கே கேட்கத் தீர்ப்பு வரும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையே இழுத்துப் பார்த்தார். கண்ணில் போட்ட சுர்மா கன்னம்வரை வழிந்தது.

பெண்களுக்கு வேலிக்கு வெளியே நின்றுதான் வைத்தியம். "மகள், கண்ணாடியப் பாத்து நீங்களே இழுத்துப் பாருங்க!"

சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிப்பவன் அவருக்குப் பரம எதிரி. சாப்பாட்டுக்கடையில் ஆளுக்குமுன் இருக்கும் கோப்பையைத் தூக்கிவிடுவார். "சோத்துல உள்ள இரும்புச்சத்த தேயிலச் சாயம் ஒடம்புல சேர விடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்க!" கடை முதலாளி அவர் தலை தெரிந்தால் தேத்தண்ணிக் கேத்தலை ஒளித்துவைப்பார்.

மனைவி மவுத்தாகி, அடக்கம் பண்ணிப் பல வருடம். மகன் கட்டாரில் வேலை. விசாரிக்க ஆளில்லாத மனுஷன் ஊரையெல்லாம் விசாரித்துத் திரிந்தார். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது பள்ளிவாசல் படியில் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். முதல்முறையாக நான் அவருடைய இமையை இழுத்துப் பார்த்தேன். அவித்த கணவாய் மீனின் வெள்ளை நிறம்.

"காக்கா, ஒங்கட கண்ணுல ரெத்தமே இல்லையே!"

"தெரியும் தம்பி. இரும்புக் குளிசைதான் போடுறன். ஏறுதில்ல."

ஊரை ஆசுபத்திரிக்குத் துரத்தியவர், தான் மட்டும் சோதிக்காமல் குளிசை விழுங்கியிருக்கிறார். அன்றே பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நாக்கு எரிகிறதா, கால் விறைக்கிறதா என்று கேட்ட டொக்டர், இரத்தப் பரிசோதனை வந்ததும் சொன்னார்: "எல்லா ரெத்தக் கொறவும் இரும்பால வாறதில்ல ஐயா. ஒங்களுக்குக் கொறவு பி பன்னிரண்டு விற்றமின். மீன், முட்டை, பால் ஒண்டும் சாப்பிடுறதில்லையா?"

காக்கா தரையைப் பார்த்தார். "ஒருத்தனுக்காக என்னத்துக்கு டொக்டர் மீன் ஆக்குற? ரெண்டு துண்டு பாணத் திண்டுட்டு, ஒரு மணித்தியாலம் பாத்து, தேத்தண்ணி குடிப்பன்."

அவர் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். சூடை மீன் கூவி விற்பவன் தினமும் அந்த வழியாகத்தான் போவான். யாருமில்லாத வீட்டிலும் அந்த ஒரு மணித்தியாலத்தை அவர் தவறவிடவில்லை.

ஊசி போட்டுத் தேறிவிட்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சஹன் வைத்து, ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். "பாரை மீன காக்காட பக்கம் தள்ளுங்க" என்று உள்ளிருந்து என் மனைவியின் குரல் வரும். சாப்பிட்டதும் அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்குவார்.

மணித்தியாலம் முடிந்தாலும் என் மனைவி கேத்தலை அடுப்பில் வைப்பதில்லை. தேத்தண்ணி குடித்தால் அவர் எழுந்து போய்விடுவார்.