ஆர்வில் அண்ணனோட டயர்க் கம்பி

சனிக்கிழமை ஆச்சுன்னா ஹேக்பெரி ஊர்ல தீவனக் கடைக்குப் பின்னாடி நிக்க இடம் கிடைக்காது. எல்லாம் பிக்கப் வண்டிங்க. முப்பது வருஷம், நாப்பது வருஷம் ஓடின கிழட்டு வண்டிங்க. சொந்தக்காரங்க தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க. சர்ச்சுல கூட அவ்ளோ அமைதியா நின்னதில்ல. எதுக்குன்னு கேக்குறீங்களா? டயர் சைஸ் கேக்கத்தான்!

சிரிக்காதீங்க. ஓக்லஹோமாவுல இந்தப் பக்கம் கிணறு தோண்டணும்னா, வளைச்ச கம்பி ரெண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்குற ஆளைக் கூப்பிடுவாங்க. கம்பி ரெண்டும் குறுக்க வந்து நின்னா அடியில தண்ணி இருக்காம். ஆர்வில் அந்தத் தொழில்லதான் இருந்தாரு. போர் போடுறவங்க மெஷினோட வந்தாங்க, இவர் தொழில் வறண்டு போச்சு. சும்மா இருப்பாரா மனுஷன்? தண்ணியைக் கண்டுபிடிச்ச கம்பி டயரைக் கண்டுபிடிக்காதான்னு யோசிச்சாரு. அதுக்கு மேல ஊர்ல யாருமே யோசிக்கல.

பழைய வண்டிக்குப் பெரிய வீல் மாட்டுறதுதான் இப்ப ஊருக்கே பிடிச்ச பைத்தியம். பதினஞ்சு இஞ்ச் வீலைக் கழட்டிட்டுப் பதினேழு மாட்டுவாங்க. சரி, அதுக்கு என்ன டயர் போடுறது? ஆர்வில் வண்டி முன்னாடி நின்னு கண்ணை மூடிக்குவாரு. டயரோட உயரத்தை இஞ்ச் கணக்குல ஒவ்வொண்ணாக் கேப்பாரு. "இருபத்தொன்பதா? முப்பத்தொண்ணா? முப்பத்திமூணா?" கம்பி அசையாது. "முப்பத்தஞ்சா?" டக்குனு குறுக்க வந்து நிக்கும். எந்த வண்டியா இருந்தாலும் முப்பத்தஞ்சுதான். பக்கத்துலயே டிரெய்லர் நிறைய டயரோட அவர் மச்சான் டென்சில் நிப்பான். டிரெய்லர்ல என்ன சைஸ் இருக்கும்? அதேதான், கரெக்ட்டாச் சொன்னீங்க.

வரிசையில நின்ன ராய்ஸுக்கு அதெல்லாம் தோணல. அவன் கவலை வேற. மறுநாள் காலையில சந்தைக்குப் போகணும். அங்க விக்கிறதுக்குக் கறி வாட்டுற பெரிய இரும்பு அடுப்பை டிரெய்லர்ல வச்சு இழுத்துக்கிட்டு, பக்கத்துல பொண்டாட்டியை உக்கார வச்சுக்கிட்டு, வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோட்டுல இறங்கணும். பழைய டயர் மொட்டையாயிடுச்சு. பதினேழு இஞ்ச் வீல் வாங்கியாச்சு. டயர் தப்பாப் போச்சுன்னா? போன மாசம் ஊர்க்காரன் ஹார்லன் முப்பத்தஞ்சு மாட்டிக்கிட்டு அதே ரோட்டுல போனான். வளைவுல திருப்பினதும் டயர் பாடியில உரசிக் கிழிஞ்சு, வண்டி பள்ளத்துல. தோள் எலும்பு ரெண்டாப் போச்சு.

"ஆர்வில் அண்ணே, ஹார்லன் வண்டி கவுந்துச்சே?" ராய்ஸ் மெதுவாக் கேட்டான்.

ஆர்வில் கோவப்படல. வருத்தப்பட்டாரு. "டயர் மேல தப்பில்ல தம்பி. ஹார்லன் மனசுல சந்தேகம் இருந்துச்சு. வண்டிக்கு அது தெரிஞ்சுபோச்சு."

வரிசையே தலையாட்டுச்சு. தோள்ல கட்டோட அதே வரிசையில நின்ன ஹார்லனும் தலையாட்டினான்!

ராய்ஸ் பர்ஸை எடுக்கப் போனான். அப்பத்தான் கடைக்குள்ள இருந்து ட்வைலா வந்தா. ராய்ஸோட பொண்டாட்டி, அந்தத் தீவனக் கடையிலதான் வேலை.

"அண்ணே, எங்க அண்ணன் வண்டி அந்தத் தார்ப்பாய்க்குள்ள நிக்குது. ஆலங்கட்டி மழை வரும்னு ரேடியோல சொன்னாங்க, அதான் மூடிட்டேன். அதுக்கும் பாத்துச் சொல்லுங்களேன். திறக்கணுமா?"

"திறக்கவே வேணாம்மா. கம்பிக்கு எதுக்குக் கண்ணு?"

'உனக்கு ஏதுடி அண்ணன்'னு ராய்ஸ் வாயைத் திறந்தான். அவ பூட்ஸால அவன் பூட்ஸை மிதிச்சா. மூடிக்கிட்டான்.

ஆர்வில் தார்ப்பாயைச் சுத்தி வந்தாரு. கண்ணை மூடினாரு. பெருமூச்சு விட்டாரு. "பாவம், எண்பதுகள்ல வந்த வண்டி. முன்பக்கம் இடது சக்கரத்துல ரொம்ப வலி." கூட்டம் உச்சுக் கொட்டுச்சு. "முப்பத்தொண்ணா? முப்பத்திமூணா? முப்பத்தஞ்சா?"

கம்பி குறுக்க வந்துச்சு.

"உறுதியா அண்ணே?"

"எங்கம்மா மேல சத்தியம்."

ட்வைலா கயித்தை அவுத்துத் தார்ப்பாயை உருவினா.

உள்ள வைக்கோல் கட்டு. முன்னாடி தாழ்வா நாலு, பின்னாடி உசரமா எட்டு, வண்டி மாதிரியே அடுக்கி வச்சிருந்தா. முன்பக்கம் இடது ஓரத்துல இருந்து ஒரு கோழி கத்திக்கிட்டே ஓடுச்சு. வலியில இருந்தது அதுவா இருக்கலாம்.

"அது வந்து... கம்பி இன்னைக்குக் களைச்சுப் போச்சு"ன்னாரு ஆர்வில்.

"கொடுங்க, நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன்." ட்வைலா கம்பியை வாங்கினா. "கூட்டத்துல முட்டாளுங்க இருக்காங்களா?"ன்னு கேட்டு மணிக்கட்டைத் துளி சாய்ச்சா. டக்குனு குறுக்க வந்துச்சு. சிரிப்புச் சத்தத்துல கடையோட தகரமே அதிர்ந்துச்சு.

ஹார்லன் மட்டும் தன் தோள்ல போட்டிருந்த கட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். "அப்ப என் மனசுல சந்தேகம் இருந்ததால வண்டி கவுந்துடலயா?"

"இருந்திருக்கணும் ஹார்லன். அப்பவே இருந்திருக்கணும்"ன்னா ட்வைலா.

டென்சில் அதுக்குள்ள டிரெய்லரை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். அப்பத்தான் எல்லாரும் அவன் வண்டியைக் கவனிச்சாங்க. அதுல கம்பெனி போட்ட அதே சின்ன டயர். தன் உசுருன்னு வந்தா அவனுக்கு நல்லா கணக்கு வருது பாருங்க.

"சிரிச்சது போதும், எனக்கு என்ன டயர்? நாளைக்கு மலை இறங்கணும்டி"ன்னான் ராய்ஸ்.

"வண்டிக் கதவைத் திற. ஓரத்துல கம்பெனிக்காரன் டயர் சைஸ் ஒட்டியிருக்கான். கணக்குப் போட்டா இருபத்தொன்பது இஞ்ச் உயரம் வருது. புது டயரும் அதே உயரம் இருக்கணும்."

"வீல் பெருசாச்சே?"

"வீல் ரெண்டு இஞ்ச் கூடினா, ரப்பர் மேலயும் கீழயும் சேத்து ரெண்டு இஞ்ச் குறையணும். சட்டை பெருசா வாங்கிட்டா நீ வளந்துடுவியா? உயரம் மாறலன்னா உரசாது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. எவ்ளோ பாரம் தாங்கும்னு டயர் மேலயே நம்பர் இருக்கும். அது பழசை விடக் குறையவே கூடாது, பின்னாடி அடுப்பு வருதுல்ல. மாட்டினதும் டிரெய்லரோட பாரத்தை ஏத்தி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, குனிஞ்சு பாரு."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். குனியத்தான் யாருக்கும் மனசு வரல."

டவுன்ல போய் அந்த அளவுல டயர் வாங்கி மாட்டினான். ஸ்டீயரிங்கை ஒடிச்சான், குனிஞ்சு பாத்தான், ஒரு தடவைக்கு நாலு தடவை. மறுநாள் ஹார்லன் கவுந்த அந்த வளைவு வந்தப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காதைத் தீட்டினான். உரசுற சத்தமே இல்ல. ட்வைலாவோட குறட்டைதான் கேட்டுச்சு.

ஆர்வில் இப்ப பக்கத்து மாவட்டத்துல இருக்காராம். அங்க பேட்டரி பாத்துச் சொல்றாராம், நல்ல கூட்டமாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அந்த வரிசையில நின்னா, பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க: "நீங்க சொல்றது தப்பா இருந்தா, அது தப்புன்னு எப்படித் தெரியும்?" அதுக்குப் பதில் இல்லாத ஆளு யாரா இருந்தாலும் சரி, பேட்டரி விக்கிறவரோ, சொர்க்கம் விக்கிறவரோ, கும்பிடு போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுங்க.