கண்டவங்க அள்ளோணும்

நாய் அசிங்கத்தைத் தன் கையால் அள்ளுவதில்லை என்று மோகனசுந்தரம் சபதம் எடுத்திருந்தார். கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியில் தென்னையும் நிலக்கடலையும் வைத்து நாலு பேர் மதிக்க வாழ்கிற மனுசன். தென்னை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் வேறு. அவர் போய் முறத்தையும் சீமாறையும் தூக்கிக்கொண்டு நாய்க்குப் பின்னால் அலைவதா? அதற்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு ஆள் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். மனைவி கோமதி. அவளும் அதேதான் சொன்னாள்.

நாய் மகள் மௌனிகாவுடையது. கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கம் போனவள், கூடவே இதையும் கொண்டு போனாள். பெயர் லட்டு. உடம்பெல்லாம் வெள்ளைச் சுருட்டை முடி. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று சட்டென்று பிடிபடாது. ஆனால் பின்பக்கம் எது என்பதை லட்டுவே தினம் ஒரு தடவை நடுவீட்டில் காட்டிக் கொடுத்துவிடும்.

மௌனிகாவின் மாமனார் சென்னிமலை மகா சுத்தக்காரர். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கை கழுவுகிற ஆள். “ஊட்டுக்குள்ள போற நாயி நமக்கு ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டார். மௌனிகா போனில் அழுதாள். மகள் அழுதால் மோகனசுந்தரத்துக்கு மூளை வேலை செய்யாது. உடனே சம்பந்தியிடம் பேசினார்.

“பொங்கல் வரைக்கும் இங்க இருக்கட்டுங்க சம்பந்தி. நான் பழக்கி உடறேன். கரிநாளுக்கு ஒறம்பரையா வாரீங்கல்ல, அன்னைக்கு எங்க ஆசாரத்துல ஒரு பொட்டு அழுக்கைக் கண்டீங்கன்னா நாயி எங்களோட. காணலீன்னா உங்க கார்ல ஏத்திக்கோணும்.”

பேசும்போது தெம்பாகத்தான் பேசினார். அப்புறம் லட்டு வந்து இறங்கியது. வந்த அன்றைக்கே முன்கூடமான ஆசாரத்து நடுவில், விருந்துக்கு வருகிற ஒறம்பரை உட்காருகிற இடமாகப் பார்த்து, கணக்கைத் தொடங்கியது.

கோமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சட்டம் போட்டாள்.

“ஏனுங்க, வாக்குக் குடுத்தது நீங்க. ஆனாலும் நான் ஈவு எரக்கம் இல்லாதவ இல்லீங்க. யாரு மொதல்ல பாக்கறாங்களோ அவங்க அள்ளிப் போடறது. கண்டவங்க அள்ளோணும். நாயமுங்களா?”

“நாயம் புள்ள, நாயம்.”

உள்ளுக்குள் அவருக்கு ஒரே சிரிப்பு. தோட்டத்துக்கும் சங்கத்துக்கும் ஓடுகிற மனுசன் அவர். நாள் பூராவும் வீட்டில் கிடப்பவள் கோமதி. யார் கண்ணில் முதலில் படும்? தானாக வந்து வலையில் விழுந்துவிட்டாளே என்று பரிதாபமாகக்கூட இருந்தது.

பரிதாபப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை. கோமதி கண்ணில் எதுவுமே படவில்லை. அரிசியில் ஒற்றைக் கல் கிடந்தாலும் எட்டி நின்று பொறுக்குகிறவள், லட்டு வைத்ததை மட்டும் காணாமலே சுற்றி வந்தாள். அவரும் விட்டேனா பார் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வீட்டுப் பல்லிகளெல்லாம் முகப்பழக்கம் ஆயின. அப்படி நடந்ததில்தான் ஒரு நாள் மிதித்துத் தொலைத்தார்.

“ஏனுங்க, இந்நேரத்துக்குக் காலைத் தேச்சுத் தேச்சுக் கழுவறீங்க?”

“சேறு.”

“மழையே இல்லீங்களே?”

“பொறத்தால பொடக்காளில பைப்பு ஒழுகுது.”

“அடக் கெரகமே! அந்தச் சேறு ஆசாரம் வரைக்கும் வந்திருச்சாட்டங்க. உங்க கால் சேறுதானுங்களே, தொடச்சு உட்டுருங்க.”

தொடைத்தார். சங்கத் தலைவர் முட்டி போட்டுத் தொடைத்தார். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொடைத்தார். கேவலமாக இருந்தது.

மறுநாள் பிளாஸ்டிக் குப்பை வாங்க வருகிற சிஞ்சுவிடம் நைசாக ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தார். “உள்ள ஏதாச்சும் கெடந்தா எடுத்துட்டுப் போ அம்மிணி. நான் பாக்கல.” சிஞ்சு எட்டிப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ சேட்டா, இது பிளாஸ்டிக் அல்லல்லோ!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

பொங்கல் முடிந்தது. பட்டிப் பொங்கலும் முடிந்தது. கரிநாள் காலை. சம்பந்தி மத்தியானம் வருவதாகப் பேச்சு. இன்றைக்கு ஒரு நாள் தாண்டிவிட்டால் நாய் கார் ஏறிவிடும், மானத்தோடு நடமாடலாம். காப்பி டம்ளரோடு ஆசாரத்துக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

முந்தின நாள் லட்டுவுக்கு யாரோ சர்க்கரைப் பொங்கலை வயிறு முட்ட ஊட்டியிருந்தார்கள். அதன் பலன் நடுவீட்டில் கிடந்தது. பண்டிகை அளவில் கிடந்தது.

சபதத்தைத் தள்ளிவிட்டுச் சீமாறு எடுக்கத் திரும்பினால், மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து பால் சொம்போடு கோமதி வருகிற சத்தம். அள்ளும்போது பிடிபட்டால் இத்தனை நாள் விட்டத்தைப் பார்த்ததெல்லாம் வீணாகிவிடும். பரபரவென்று மூலையில் கிடந்த கோழிக்கூடையை எடுத்துக் கவிழ்த்தார். மேலே ஒரு சாக்கையும் போட்டார்.

“அதேனுங்க ஆசாரத்துல கூடை?”

“சேவல். சம்பந்திக்கு. புடிச்சு அடச்சிருக்கறேன்.”

“சத்தத்தையே காணோமுங்க?”

“அடக்கமான சேவல்.”

“வாசம் ஒரு தினுசா இருக்குதுங்களே?”

“சேவல்னா மல்லிகைப்பூ வாசமா அடிக்கும்? போ புள்ள, வேலையப் பாரு.”

கோமதி கூடையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “செரீங்க” என்றாள். எதற்கும் நாலு கேள்வி கேட்கிறவள் செரி என்று சொன்னால் பயப்பட வேண்டும். மோகனசுந்தரம் பயப்படவில்லை. அவள் அடுப்படிக்குப் போனதும் காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தார். வாசலில் கார் சத்தம் கேட்டது.

மத்தியானம் வர வேண்டியவர்கள் காலைப் பலகாரத்துக்கே வந்துவிட்டார்கள். சென்னிமலை, மாப்பிள்ளை கோகுல்நாத், மௌனிகா. லட்டு தாவிக் குதித்து மௌனிகாவின் மடியேறியது. சென்னிமலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரோரம், கதவிடுக்கு, கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்தார். மோகனசுந்தரம் கூடைக்கு முன்னால் வேட்டியை விரித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு பொட்டு இல்லீங்க சம்பந்தி! சொன்னபடி செஞ்சு போட்டீங்க. நாயக் கார்ல ஏத்திக்கறோம்.”

மௌனிகா அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் பத்து நாய்க்குக்கூட வாக்குக் கொடுக்கலாம். மோகனசுந்தரத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போதுதான் கோமதி காப்பித் தட்டோடு வந்தாள்.

“அண்ணா, உங்களுக்குன்னு இவரு சேவல் புடிச்சு வெச்சிருக்கறாருங்க. எங்கூட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதுங்களா? சம்பந்தி கையில தூக்கிப் பாத்துப் போதும்னு சொன்னாத்தான் அறுக்கறது.”

வழக்கம் உண்மைதான். அதை ஊரெல்லாம் பெருமையடித்தவரும் மோகனசுந்தரமேதான்.

“வேண்டாங்க! கொத்திப்போடும்!”

“எத்தன சேவலப் பாத்திருக்கறேன், தள்ளுங்க.”

“கோவக்கார சேவலுங்க!”

“காலைல அடக்கமான சேவல்னு சொன்னீங்களே?” என்றாள் கோமதி.

மோகனசுந்தரம் கூடை மேல் உட்காரப் போனார். சென்னிமலைக்குக் கை முந்திவிட்டது. கூடை மேலே போனது.

கோகுல்நாத் போனை எடுத்து, இல்லாத மெசேஜைப் படிக்க ஆரம்பித்தான். சென்னிமலை மெதுவாகக் குனிந்து பார்த்துவிட்டு, “போதுமுங்க சம்பந்தி” என்றார்.

“அப்பா, கூடை போட்டா மூடுனீங்க?” என்று மௌனிகா கேட்டாள். லட்டுவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மோகனசுந்தரத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. காதெல்லாம் சுட்டது. சம்பந்தி முன்னால், மாப்பிள்ளை முன்னால், பெற்ற மகள் முன்னால், முட்டி போட்டு அள்ளினார். இந்தத் தடவை ஜன்னல் திறந்தே கிடந்தது.

“பேசுன பேச்சுப்படி நாயி இங்கியே இருக்கட்டும்” என்று சென்னிமலை கை கழுவப் போனார்.

“அழுவாத அம்மிணி” என்றாள் கோமதி, மனப்பாடம் பண்ணி வைத்ததைப் போல. “லட்டு எங்க போயிருச்சு? வாராவாரம் வந்து பாத்துக்க. மாமனாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு.”

மாமனாரும் தலையாட்டினார். பொடக்காளியில் கோமதி நேற்றே கட்டி வைத்திருந்த சேவல் கொழம்பானது. எல்லோரும் சாப்பிட்டார்கள். மோகனசுந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கார் கிளம்பிப் போனதும் ஆசாரத்தில் நின்று கேட்டார்.

“கூடைக்குள்ள என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“சேவல் எங்கிட்ட இருக்கறப்ப உங்ககிட்ட ஏதுங்க சேவல்?”

“அப்பறம் ஏம்புள்ள இப்படி மானத்த வாங்குன?”

“நாயும் போயிருச்சுன்னா அம்மிணி எதுக்குங்க வாராவாரம் வருவா? உங்க மூஞ்சியப் பாக்கவா?”

வாராவாரம் மகள் வருவாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன மானம் போனதாகவே இருக்கட்டும் என்றுகூடத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து லட்டு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்து, எழுந்து போனது.

“ஏ புள்ள! இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாக் கண்டோம்! நீயுந்தான் கண்ட!”

கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “நான் எங்கீங்க கண்டேன்? அம்மிணி போறாளேன்னு அப்பப் புடிச்சுக் கண்ணுல தண்ணியா நிக்குது. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க.”