வானத்துக்கு வார விடுமுறை

வானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நீங்கள் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் குடியிருக்கவில்லை என்று அர்த்தம். அங்கிருந்த பத்துக் குடும்பத்துக்கும் அது தெரியும். சொன்னவர் தகட்டுச் சாமி.

சாமி வந்த நாளிலிருந்து படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து வரிசை கட்டினார்கள். மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் எல்லோரும் டிஷ் இணைப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தள்ளுபடியில் வாங்கிய ஸ்மார்ட் டிவிகள் சுவரில் சும்மா தொங்கின. அந்த நேரம் பார்த்துச் சாமி ஒரு செப்புத் தகட்டோடு வந்து சேர்ந்தார். தகட்டை டிவிக்குப் பின்னால் ஒட்டினால் போதும், வானத்தில் சும்மா அலைகிற சேனல்களெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுமாம். சேனல் இலவசம். தகடு மட்டும் இலவசமில்லை.

தகடு ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. சாமி தன்னையும் டிவியையும் கறுப்புப் போர்வையால் மூடிக்கொள்வார். ரிமோட் அவர் கையில். வீட்டுக்காரர்கள் ஏழு நிமிடம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் அலை கோபித்துக்கொள்ளும். போர்வை விலகும்போது திரையில் சினிமா, செய்தி, மீன் பிடிக்கும் போட்டி! எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பழைய டிஷ்ஷும் பெட்டியும் அலைக்கு ஆகாது என்று சாமியே சிரமப்பட்டு அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே போனார் என்று பழைய சாமான் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நிற்கிற படம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வராது. வானம் ஓய்வெடுக்கிறது என்றார் சாமி.

"நியாயந்தானே, நமக்கே லீவு வேண்டியிருக்கு" என்றார் இரண்டாம் மாடித் தையல்கார அக்கா.

கீழ்த்தளத்தில் பல் மருத்துவமனை. அதற்கு மேல் மூன்று மாடிகளில் ஒன்பது வீடுகள். ஒன்பதிலும் படம் வந்தது. நான்காம் மாடியில் இருந்த ஒற்றை வீட்டில் மட்டும் வரவில்லை. அங்கே குடியிருந்தவர் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர். சிரிக்காதீர்கள். ஒலி அலை, ஒளி அலை என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிற அவரும்தான் தகடு வாங்கியிருந்தார்.

சாமி அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்காலியில் ஆசிரியரின் அப்பா உட்கார்ந்திருந்தார். காதில் காது கேட்கும் மெஷின்.

"இதான் குற்றவாளி!" என்றார் சாமி. "வர்ற அலையையெல்லாம் இது உறிஞ்சிடுது. திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் இதைச் சுத்தியலால உடைக்கணும்."

அந்த மெஷின் இல்லாவிட்டால் பெரியவருக்கு உலகமே ஊமை. வெளியூரிலிருக்கும் மகள் போனில் பேசுவதை அவர் கேட்பது அதை வைத்துத்தான். மகன் அதைக் கழற்றி அலமாரியில் பூட்டினார். பெரியவர் எல்லோருடைய உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

"ஏங்க, டிவி வந்தாலும் மாமா அதை எப்படிங்க கேப்பாரு?" என்றாள் மருமகள்.

"படம் பாக்கலாம்ல?" என்றார் அறிவியல் ஆசிரியர்.

மருமகளுக்குக் கீழே பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. ஞாயிறு விடுமுறை என்பதால் சனிக்கிழமை மாலை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புவதும் அவள்தான். அந்தச் சனிக்கிழமை ஒரு நோயாளியால் நேரமாகிவிட்டது; மேலே எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்ட நேரம். அவள் சுவிட்சை அணைத்துச் செருப்பை மாட்டுவதற்குள் மூன்று மாடிகளிலிருந்தும் ஒன்றாகக் குரல் வந்தது: "அடச்சே!"

அவள் நின்றாள். சுவிட்சைப் போட்டாள். இரண்டு நிமிடத்தில் மேலே கைதட்டல். மறுபடி அணைத்தாள். "அடச்சே!"

அவள் கண் சுவருக்குப் போனது. காத்திருக்கும் நோயாளிகளுக்காக வைஃபை பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்க்க வந்து, அதன் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆளும் நினைவுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சாமி இல்லை. வெறும் சட்டை பேண்ட்.

திங்கட்கிழமை தையல்கார அக்கா வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. முக்காலியில் மெஷின், பக்கத்தில் சுத்தியல். என்ன நடக்கிறதென்று புரியாமல் பெரியவர். டிவியில் யாரோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு நிமிஷம்" என்றாள் மருமகள். "இந்தப் படம் தகட்டாலதானே வருது?"

"அதிலென்னம்மா சந்தேகம்?"

"தகட்டை எடுத்தா?"

"அந்த நொடியே நின்னுடும்!"

அவள் தகட்டைப் பிய்த்தெடுத்து வாளித் தண்ணீரில் போட்டாள். திரையில் இருந்தவர் நிதானமாக ஒரு மீனை இழுத்துக் கரையில் போட்டார்.

"அது... தகட்டோட சக்தி மூணு நாளைக்குத் தங்கும்" என்றார் சாமி.

"சரி, அப்ப மூணு நாளைக்கு நிக்காதுல்ல?" அவள் போனை எடுத்தாள். "டாக்டர், நான் சொன்ன வயரைக் கழட்டுங்க."

பத்து எண்ணுவதற்குள் அடுத்த மீன் அந்தரத்தில் அப்படியே நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து "அடச்சே!"

"மாட்டுங்க டாக்டர்."

கொஞ்ச நேரத்தில் மீன் கரைக்கு வந்தது.

"இது வானத்துலேருந்து வரல. கீழ எங்க ஆஸ்பத்திரி இன்டர்நெட்லேருந்து வருது. மேல் மாடி வரைக்கும் அது எட்டல, அவ்வளவுதான். மாமா காதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பல் டாக்டர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "நெட் நகராம ஒரு எக்ஸ்ரேவைத் திறக்க அரை மணி நேரம் ஆச்சு! இங்க மீனா பிடிச்சிட்டிருந்தீங்க?"

சாமி மெல்ல வாசலுக்கு நகர்ந்தார். படிக்கட்டில் இறங்க வழியில்லை. அவரே சேர்த்த கூட்டம் மூன்று மாடிக்கும் அடைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டம் தகட்டுக் காசைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தது.

ஆசிரியர் மெஷினை எடுத்துச் சட்டையில் துடைத்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே காதில் மாட்டினார். வெட்கப்படட்டும்.

பெரியவர் காதில் முதலில் விழுந்தது தையல்கார அக்காவின் குரல்: "டாக்டர், ஞாயித்துக்கிழமையும் அதை அணைக்காம விட்டா என்னவாம்?"

"இதைக் கேக்கவாடா மாட்டி விட்டே?" என்றார் பெரியவர். "திரும்பக் கழட்டு."

அன்று மாலை மருமகள் தன் வீட்டு டிவியைப் போன் இன்டர்நெட்டில் இணைத்து, எல்லோரும் பார்க்க ரிமோட்டை அழுத்தினாள். போர்வை இல்லை. ஏழு நிமிடமும் ஆகவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். 'இலவச சேனல்கள்' என்று அதில் எழுதியே இருந்தது. டிவி வாங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. பத்து வீட்டிலும் படிக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் படிக்க வேண்டிய நேரத்தில் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் ஒருவர் போர்வையோடு வருவார். சுவரைப் பார்த்து நில் என்பார். திரும்பிப் பாருங்கள், ஐயா. கழுத்து எதற்கு இருக்கிறது?