ஒற்றை உருளைக்கிழங்கு

"நாம என்ன, ஒரே ஒரு உருளைக்கிழங்கையா விக்கிறோம்?" என்று மேனேஜர் ஒருநாள் அவளிடம் கேட்டார். பாதி கிண்டலாகத்தான் கேட்டார். அவளுக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அது ஒரு பெரிய கடையின் காய்கறிப் பகுதி. ஒவ்வொரு கூடைக்கும் மேலே ஒரு கறுப்புப் பலகை தொங்கும். அதில் காயின் பெயரை இங்கிலீஷில் எழுதுவது அவள் வேலை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான், ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் காய் கழுவும் பின்னறையிலிருந்து மேனேஜர் அவளை முன்னால் கொண்டுவந்தார். காதில் எப்போதும் சாக்பீஸைச் செருகியிருப்பதால் கடையில் அவளுக்குப் பெயரே சாக்பீஸ்.

மேனேஜர் கேட்டதில் நியாயம் இருந்தது. கூடை நிறையக் கிழங்கு இருக்க, பலகையில் ஒற்றைக் கிழங்குக்கான சொல்லைத்தான் எழுதியிருந்தாள். கடைசியில் ஓர் எஸ் சேர்த்தாள். மறுநாள் ஓர் அம்மாள், எஸ்ஸுக்கு முன்னால் ஓர் ஈ வர வேண்டும் என்று பில் போடும் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"காய்கறிக் கடையில ஈ இல்லாம இருக்குமாடி, போட்டுத் தொலை," என்றாள் அக்கா.

போட்டாள். தக்காளிக்கும் போட்டாள். போட்ட வேகத்தில், இதுவும் ஓவில்தானே முடிகிறது என்று அவகாடோவுக்கும் போட்டாள். அதற்கு ஈ கிடையாது என்று ஒரு கல்லூரிப் பெண் பலகையைப் போட்டோ எடுத்து மேனேஜரிடமே காட்டிவிட்டாள். பயந்துபோய் எல்லாப் பலகையிலும் ஈயை அழித்தாள். உருளைக்கிழங்கு மறுபடியும் தப்பாகிப்போனது. மாம்பழத்தை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா போனில் தேடிவிட்டு, அதற்கு மட்டும் ஈ போட்டாலும் சரியாம், போடாவிட்டாலும் சரியாம் என்றாள். இதைக் கேட்டபிறகு அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போய்விட்டது. சரியாக எழுதிவிட்டுக்கூட அதை நம்ப முடியாமல் அழித்தாள்.

இன்னும் ஒரு புகார் வந்தால் அச்சடித்த போர்டு வாங்கிவிடுவேன், நீ பழையபடி காய் கழுவப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் தலையாட்டினாள். வீட்டில் நோட்டு நோட்டாக எழுதித் துணிக்கடியில் ஒளித்து வைப்பவள் அவள். நாலு பேர் பார்க்க அவள் எழுதுவது இந்தப் பலகைகளில் மட்டும்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதற்கு நடுவில் இன்ஸ்பெக்டர் வேறு.

பெயர் அக்கா வைத்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. தினமும் பத்து மணிக்கு நோட்டும் கையுமாக வந்து பலகைகளுக்கு முன்னால் நிற்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார், மெதுவாக எழுதிக்கொள்வார். ஏதாவது பலகை மாறியிருந்தால் முகம் சுருங்கிவிடும். நோட்டில் பழைய பக்கத்துக்குப் போய்ச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு கிழிப்பார். மேலிடத்திலிருந்து அனுப்பிய ஆள்தான், உன் தப்பையெல்லாம் எழுதிக்கொண்டு போகிறார் என்று அக்கா அடித்துச் சொன்னாள்.

மேனேஜர் எச்சரித்த அன்று ராத்திரி யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒன்றுக்கு மேல் இருப்பதால்தானே இந்தத் தொல்லை?

மறுநாள் காலையில் பலகைகளில் எஸ்ஸும் இல்லை, ஈயும் இல்லை. கூடையில் ஒரே ஓர் உருளைக்கிழங்கு இருந்தது. பக்கத்துக் கூடையில் ஒரு தக்காளி. அதற்கடுத்து ஓர் அவகாடோவும் ஒரு மாம்பழமும் ஆளுக்கொரு கூடையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன. மீதிச் சரக்கெல்லாம் மேசைக்கு அடியில் சாக்குத் துணிக்குள் இருந்தது.

முதலில் வந்த ஒருவர் இருந்த ஒரு கிழங்கை எடுத்துப் பையில் போட்டார். அவள் குனிந்து இன்னொன்றை வைத்தாள். அவர் அதையும் எடுத்தார். அவள் மறுபடியும் குனிந்தாள். ஏழாவது கிழங்குக்கு அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். பின்னால் வந்தவர்கள் சரக்கு தீர்ந்துவிட்டது என்று திரும்பிப் போனார்கள். ஓர் அம்மாள் மட்டும், கடையை மூடப்போகிறீர்களா என்று மேனேஜரிடமே போய் அக்கறையாக விசாரித்தாள்.

மேனேஜர் வந்து கூடைகளைப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"போதும் சாக்பீஸ்," என்றார். "இப்பவே போர்டுக்கு ஆர்டர் சொல்லிடறேன். கையைத் துடைச்சுக்கிட்டுப் பின்னாடி போ." பையிலிருந்து போனை எடுத்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். ஒற்றைக் கிழங்கைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. சிவப்புப் பேனாவை எடுத்தார்.

போவதுதான் போகிறோம், இன்னும் எதற்குப் பயம் என்று அவளுக்குத் தோன்றியது. காதிலிருந்த சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினாள். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள் பேசினாள்.

"சார், ரெண்டு மாசமா நான் பண்ற தப்பையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கீங்க. எது சரின்னு நீங்களே எழுதிக் காட்டிடுங்க சார். பார்த்துட்டுப் போயிடறேன்."

அவர் சாக்பீஸைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார். சோப்பு அடுக்கியிருந்த பக்கத்திலிருந்து தள்ளுவண்டியோடு அவர் மனைவி வந்தாள்.

"அவருகிட்டப் போய் ஏம்மா சாக்பீஸை நீட்டறே?" என்றாள். "முப்பது வருஷம் மூட்டை தூக்கின மனுஷன், மூட்டை மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் படிச்சதில்ல. இப்பத்தான் உன் போர்டைப் பார்த்து எழுத்துக் கத்துக்கிறாரு. நீ ஒவ்வொரு தடவை மாத்தும்போதும், டீச்சரம்மா எழுதினதை நான்தான் தப்பாப் பார்த்து எழுதிட்டேன்னு சொல்லிப் பழசை அடிச்சுட்டு, வீட்டுல உட்கார்ந்து பத்துப் பத்துத் தடவை எழுதறாரு."

மேனேஜர் போனைப் பையில் போட்டார். குனிந்து இரண்டு கை நிறைய உருளைக்கிழங்கை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.