சிவப்பு வயரும் ஏழு நாற்காலிகளும்

"இடது பக்கம் சிக்னல் போட்டா வண்டி எதுக்கு இருமுது?" என்று கேட்டாள் மார்வா.

வெர்லன் ஸ்டட்லி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். சிக்னல் விளக்கு ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் பின்னால் வந்த ட்ரெய்லர் பிரேக் பிடித்தது, விட்டது, பிடித்தது, விட்டது. முப்பத்தாறு வயதான அந்தப் பிக்கப்பில், தானியம் கொத்தும் கோழிகளைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டே புருஷனும் பெண்டாட்டியும் திருப்பத்தைக் கடந்தார்கள்.

"புது கன்ட்ரோலர் இல்லையா, கொஞ்சம் பழகணும்."

"அது பழகணுமா, நாம பழகணுமா?"

ட்ரெய்லர் அப்போது காலி. சனிக்கிழமை அதில் பெட்டூனியா ஏற வேண்டும். பெட்டூனியா, மார்வா மூன்று வருடமாகப் பாடுபட்டுப் பழக்கிய கோவேறு கழுதை. கண்காட்சியும் போட்டியும் மலைக்குக் கீழே இருக்கும் மைதானத்தில். நடுவில் ஆறு மைல் செங்குத்தான இறக்கம். ட்ரெய்லரின் சக்கரங்களில் பிரேக் இல்லாமல் இல்லை. எப்போது பிடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லத்தான் பிக்கப்பில் இதுவரை ஆளில்லை. அந்த ஆள்தான் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி. போன வருடம் அது இல்லாமல் இறங்கினார்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ள, பெட்டூனியா கத்த, மார்வா அதைவிடச் சத்தமாகக் கத்த, கடைசியில் யாருடைய வைக்கோல் போரோ அவர்களைக் காப்பாற்றியது.

"சனிக்கிழமைக்குள்ள பிரேக் ஒழுங்கா வேலை செய்யணும்" என்றாள் மார்வா. "முடியலைன்னா இப்பவே சொல்லிடு. ட்வெய்னைக் கூப்பிடறேன்."

ட்வெய்ன் அவளுடைய தம்பி. புதுப் பிக்கப் வைத்திருப்பவன். கூப்பிட்டால் உடனே வருவான். அதுதான் தொல்லையே. அப்புறம் ஒவ்வொரு வருடமும் நன்றிநாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே அதைச் சொல்லிக் காட்டுவான்.

"என்னால முடியும்" என்றார் வெர்லன்.

முடியாமல் என்ன? ஸ்பர் கஃபேயின் ஜன்னலோர மேசை இருக்கும்போது? காலை ஆறு மணிக்கு அந்த மேசையின் ஏழு நாற்காலிகளும் நிரம்பிவிடும். ஒருவர் செத்தால்தான் அடுத்தவருக்கு இடம். எட்டு மாதத்துக்கு முன்னால் கிழவர் எம்மெட் போய்ச் சேர்ந்ததால்தான் வெர்லனுக்கே நாற்காலி கிடைத்தது. வயோமிங் மாநிலத்தில் இயந்திரம், மழை, மாடு, அரசாங்கம் என்று எதைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் அந்த மேசையில் தீர்ப்பு உண்டு.

திங்கட்கிழமையன்று எந்தக் கன்ட்ரோலர் வாங்குவது என்று அங்கேதான் கேட்டார்.

"நேரத்தை எண்ணுற வகை வாங்கு" என்றார் பெரிய உடம்புக்காரர் கஸ். "பெடலை மிதிச்சதும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி பிரேக்கைக் கூட்டிக்கிட்டே போகும்."

"அதெல்லாம் பழைய காலத்துது" என்றார் ஹார்லன். "வண்டி எவ்வளவு வேகமா நிக்குதுன்னு தானே உணர்ற வகைதான் நல்லது."

"உணருமா? நாப்பது வருஷமா என் பொண்டாட்டியே என்னை உணரல. ஒரு பெட்டி உணர்ந்துடுமா?" என்றார் கஸ்.

மேசை குலுங்கிச் சிரித்தது. அந்த மேசையில் யார் சிரிக்க வைத்தாரோ அவர் சொன்னதே சரி. நேரத்தை எண்ணும் வகை முடிவாயிற்று.

"பெடலை மிதிச்சதைத் தெரிஞ்சுக்க பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு வயர் வருமே, அதை எதுல சேர்க்கிறது?" என்று கேட்டார் வெர்லன்.

"பின் விளக்குக்குப் போற வயர்ல முறுக்கி விடு. அவ்வளவுதான்" என்றார் கஸ்.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நடீன் நிமிர்ந்தாள். "பின் விளக்கு வயர்லயா? உன் வண்டியில சிக்னலும் அதே வயர்லதானே போகுது, கண்ணு?"

மேசையில் இருந்தவர்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"நடீன், காப்பி ஆறிப்போச்சு" என்றார் கஸ். கோப்பையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

அப்படிச் செய்த வேலைக்குத்தான் செவ்வாய்க்கிழமை வண்டிக்கு இருமல் வந்தது.

புதன்கிழமை வெர்லன் தந்திரமாகப் பேச்சை எடுத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வண்டியில ஒரு சின்னத் தகராறு..."

விஷயத்தைக் கேட்டதும், மேசையில் எதிர் நாற்காலியில் இருந்த லோவெல் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "எந்த முட்டாள் பின் விளக்குல சேர்த்தான்? பிரேக் பெடலுக்கு மேல ஒரு சுவிட்ச் இருக்கும். ரெண்டு வயர் வரும். அதுல ஒண்ணுல சேர்க்கச் சொல்லு."

"எதுல?"

"எதுலயாவது. ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணா, லோவெல்?" என்றாள் நடீன்.

லோவெல் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இந்த வருஷம் பனி சீக்கிரம் வரும் போலிருக்கே" என்றார். அது ஆகஸ்ட் மாதம்.

அன்று மதியம் வெர்லன் இரண்டு வயர்களில் கைக்கு எட்டியதில் முறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அந்த வயரில் எந்நேரமும் மின்சாரம் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. யாரும் பெடலைத் தொடாமலே கன்ட்ரோலர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்தது. ட்ரெய்லரின் நான்கு சக்கரங்களும் சிலையாகிவிட்டன. வெர்லன் விடவில்லை, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். ட்ரெய்லர் உட்கார்ந்த வாக்கிலேயே முற்றத்தைக் கடந்து மார்வாவின் பீட்ரூட் பாத்திக்குள் இழுபட்டது.

மார்வா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பிரேக் பிடிக்குதா?"

"பிடிக்குது. விடத்தான் மாட்டேங்குது."

"பீட்ரூட்டை நானே பிடுங்கியிருப்பேனே, வெர்லன்."

அன்று மாலை அவரே எதையெதையோ மாற்றி முறுக்கிப் பார்த்ததில் ஃபியூஸ் போனது. வியாழக்கிழமை ஹார்லன் தீர்ப்புச் சொன்னார்: "ஃபியூஸ் போச்சுன்னா அது சின்னதுன்னு அர்த்தம். பெருசாப் போடு."

பெரிதாகப் போட்டார். ஊர் எல்லையில் ஷெரிஃபின் போலீஸ்காரன் கை காட்டி நிறுத்தினான்.

"பின்னால பிரேக் விளக்கு எரியல, சார். முன்னால டேஷ்போர்டு எரியுது. இடம் மாத்தி வெச்சுட்டீங்களா?"

வீட்டுக்கு வந்தபோது மார்வா போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். "ட்வெய்ன் சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு வர்றான். முன் சீட்டுல நானும் அவனும். உனக்கு இடம் வேணும்னா பெட்டூனியாவைத்தான் கேட்கணும்."

வெள்ளிக்கிழமை காலை மேசையில் எல்லாரும் வெர்லனைப் பார்த்தார்கள்.

"என்னப்பா, பிரேக் எப்படி?"

"வெண்ணெய் மாதிரி" என்றார் வெர்லன். சட்டையில் கருகிய வாசனை அடித்தது.

நடீன் பில்லை வைத்துவிட்டுப் போனாள். அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: 'ரெண்டு மணிக்குக் கடை மூடும். வண்டி, ட்ரெய்லரோட பின்வாசலுக்கு வா.'

இரண்டு மணிக்கு நடீன் ஏப்ரனோடு வெளியே வந்தாள். பாக்கெட்டில் பென்சிலுக்குப் பக்கத்திலேயே ஒரு டெஸ்டர் இருந்தது. மல்லாந்து டேஷ்போர்டுக்குக் கீழே நுழைந்தாள். வெளியே தெரிந்தது அவளுடைய வெள்ளை ஷூக்கள் மட்டும்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"விடு. இந்த வயருக்கு மிதிச்சா மட்டும்தான் உயிர் வருது. பக்கத்துல இருக்கிறதுக்கு எப்பவும் உயிர். ரெண்டும் ஒண்ணாம்!"

கருகியதை அறுத்து எறிந்தாள். பேட்டரியிலிருந்து தடித்த வயராக ஒன்று புதிதாக இழுத்தாள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கடையைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப் பார்த்தார்கள். பெடலைத் தொட்டதும் ட்ரெய்லர் சர்ச்சுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நின்றது.

"நடீன், இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?"

"ராணுவத்துல பதினோரு வருஷம் லாரிக்கு வயரிங் பண்ணினேன், கண்ணு. காப்பி ஊத்த வந்தது அதுக்கப்புறம்."

வெர்லன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். நான் அந்த மேசையில முகம் காட்டணும். என் பேரு வெளிய வரவே கூடாது."

"வராது. யாரு பேரையும் நான் சொல்றதில்ல."

சனிக்கிழமை பெட்டூனியா ஆறு மைல் இறக்கத்தையும் கொட்டாவி விட்டுக்கொண்டே கடந்தாள். ஐந்து மணிக்கே வந்து நின்ற ட்வெய்ன், பின்னால் அவர்கள் கிளப்பிய தூசியைத் தின்றுகொண்டு வந்தான். பெட்டூனியாவுக்கு இரண்டாம் பரிசு. மார்வா முதலில் கழுதையை முத்தமிட்டாள், அப்புறம் புருஷனை.

திங்கட்கிழமை காலை, ஊருக்குப் புதிதாக வந்திருந்த பாதிரியார் காப்பிக் கோப்பையோடு ஜன்னலோர மேசைக்கு வந்து தயங்கி நின்றார்.

"பழைய பிக்கப் ஒண்ணு வாங்கியிருக்கேன். ட்ரெய்லருக்கு பிரேக் கன்ட்ரோலர் மாட்டணும். யாரைப் போய்ப் பார்க்கிறது?"

வெர்லன் நாற்காலியில் சாய்ந்தார். எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் அந்த நாற்காலி அவருக்குச் சரியான அளவாக இருந்தது.

"யாரையும் பார்க்க வேண்டாம், பாதிரியாரே. ஒரு ஆம்பளை தன் வண்டியைத் தானே பார்த்துக்கணும். என்னோடதை நானேதான் மாட்டினேன்."

"நானும்தான்" என்றார் கஸ்.

"பின்னே? அடுத்தவன் கையை வைக்க விடுவேனா?" என்றார் லோவெல்.

ஹார்லனும் மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள்.

"ஏழு பேரும் தாங்களேவா!" என்று வியந்தார் பாதிரியார்.

நடீன் அவர் கோப்பையை நிரப்பினாள்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வண்டியோட பின்வாசலுக்கு வந்துடுங்க, பாதிரியாரே" என்றாள். "யாரு பேரையும் சொல்ல மாட்டேன்னு இந்த மேசையில ஏழு பேருக்கும் தனித்தனியா வாக்குக் கொடுத்திருக்கேன், அதனால நான் யாரு பேரையும் சொல்லல."