மிதக்கும் என்று நான் சொன்ன பாலை மரம்

பட்டம் வாங்கியவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரில் பாதி விபத்து நடக்காது. அறுபதுகளின் கடைசியில் நான் பி.ஏ. முடித்துவிட்டுத் திருவள்ளூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். (சட்டைப் பையில் இரண்டு பேனா. எழுதுவது ஒன்றுதான்.)

பழவேற்காட்டில் என் தாய்மாமா புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் மல்லிகா மேல் எனக்கு ஒரு கண். அது தெரிந்தே மாமா ஒரு வேலை வைத்தார்.

"வேப்பமரம் நம்ம ஊர்லயே கெடைக்கும்டா. வாசக்காலுக்கு எனக்குப் பாலை மரந்தான் வேணும். அது அக்கரைத் தீவு மணல்காட்டுலதான் வளருது. ஏலத்துல எடுத்த கட்ட அங்க கெடக்குது. படகுல ஏத்திக்கினு பத்திரமா வா. அப்பால கல்யாணம் பேசலாம்."

படகுக்காரர் முனுசாமியோடு போனேன். கட்டை ஆளுயரம்தான், தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? திரும்பும்போது கரையில் மாமாவும் மல்லிகாவும் நிற்பது தெரிந்தது. என் வெள்ளைச் சட்டையிலோ கட்டையில் இருந்த சேறெல்லாம். கட்டையைப் படகிலிருந்து இறக்கிவிட்டால் மீதிச் சட்டையாவது தப்பும் என்று தோன்றியது.

"அண்ணே, இதக் கயிறு கட்டித் தண்ணியில தள்ளிடலாம். பின்னாலயே மிதந்துகினு வரும்."

"பாலைக் கட்ட மிதக்காது தம்பி. முழுகிப்பூடும்."

"மரம்னா மிதக்கும்ணே. நான் பி.ஏ.!"

"படிச்சவரு சொன்னா சரி" என்று குட்டையாக ஒரு கயிறு கட்டினார். கழியால் நெம்பித் தள்ளினோம்.

தொபுக்கடீர்! மரம் போயே போச்சு. கயிறு விறைத்துப் படகின் பின்பக்கம் அமுங்கித் தண்ணீர் உள்ளே ஏறியது. ஐயோ, எனக்கு நீச்சலும் தெரியாதே!

"கயித்த அறுத்துடட்டா?" முனுசாமி கத்தியை எடுத்தார்.

அறுங்க, அறுங்க என்று அலற வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பயத்தில் தலை மட்டும் கிடுகிடுவென்று ஆடியது.

"கயித்த அறுக்க வேணான்றாரு!" என்று கரையைப் பார்த்துக் கூவினார் முனுசாமி.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்தார். ஆமாம், நடந்தே! தண்ணீர் இடுப்பளவுதான். கட்டையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"உயிரே போனாலும் மரத்த உடமாட்டன்றான் பாரு! இவன்தான்டா எம் மாப்ள!"

அடுத்த தை மாதமே கல்யாணம். அதற்கப்புறம் எந்த விசேஷமானாலும் மாமா இந்தக் கதையைச் சொல்வார். இப்போது அவர் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள், நான் தலையை ஆட்டியது உட்பட. பந்தியே என்னைப் பெருமையாகப் பார்க்கும். நானும் வெட்கமில்லாமல் அடக்கமாக உட்கார்ந்திருப்பேன். மல்லிகா மட்டும் சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்பாள்:

"தல மட்டுமா ஆடுச்சு? முட்டியும் சேந்துதான ஆடுச்சு? நான் கரையிலேந்து பாத்துக்கினுதான இருந்தேன்."